ஒரு சாண் புல்லட்

மேஜைமீது நிற்கும் அந்த வண்டியின் நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். கைப்பிடியைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறது. பின்சக்கரத்தைச் சுழற்றினால் சங்கிலி ஓடுகிறது. பெரிய விளக்கின் இரு மருங்கிலும் இரண்டு சிறு விளக்குகள் கண் விழித்துப் பார்க்கின்றன. இதைப் பொம்மை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. 1950-களில் ஓடிய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை, எல்லா அளவிலும் எட்டில் ஒன்றாகக் குறுக்கிச் செய்த மாதிரி இது.

எட்டில் ஒன்று என்பது கேட்பதற்குச் சுலபமான கணக்கு. ஆனால் நீளம் எட்டில் ஒன்றானால், கன அளவு 512-ல் ஒன்றாகிவிடுகிறது! அசல் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். மாதிரியிலோ அக்கொள்ளளவு முக்கால் கன சென்டிமீட்டருக்கும் குறைவு. 19 அங்குலச் சக்கர வளையம் 2 3/8 அங்குலமாகிறது. வர்ணம் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அசலுக்குப் பூசுகிற கனத்தில் பூசினால், சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காய் நிற்கும் மெல்லிய தகடுகளின் இடைவெளி தூர்ந்துபோகும். ஆகையால் பனி படர்வதுபோல் தெளித்து, உலரவிட்டு, மீண்டும் தெளிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது சக்கரம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் கீழிருந்து பாரத்தைத் தாங்குகிறது. மோட்டார் சைக்கிளின் கம்பியோ பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது. எதிரெதிராக இழுக்கும் கம்பிகளின் சமநிலையிலேதான் வளையம் வட்டமாக நிற்கிறது. இந்த உண்மையை அறியாமல், நாம் செய்த முதல் சக்கரத்தில் ஒரு பக்கத்துக் கம்பிகளையெல்லாம் முதலில் முறுக்கி முடித்தோம். வளையம் அப்பளம்போல் நெளிந்தது. மூன்று நாள் உழைப்பு வீணாயிற்று. எனினும் அன்று கற்றதை எந்தப் புஸ்தகமும் நமக்கு அவ்வளவு தெளிவாகப் புகட்டியதில்லை.

இந்த வேலைக்கு வேண்டிய சாமர்த்தியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கம்பியைத் துளைத்தகட்டில் இழுத்து மயிரிழையாக்குவதும், வெண்காரம் தடவிப் பொடிவைத்து ஊதிப் பற்றவைப்பதும் நம் பொற்கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவரும் தொழில்கள். பித்தளைச் சட்டத்தை இணைக்கையில் நாமும் அந்த ஊதுகுழலையே நாடினோம்.

பெட்டியில் அடைத்து விற்கும் உறுப்புகளை வாங்கிப் பொருத்துவதும் ஒரு வழியே. அதை இழிவாகச் சொல்வதற்கில்லை. அசல் புல்லட்டின் சரித்திரமும் நம் நாட்டில் அவ்விதமே ஆரம்பித்தது. 1955-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்தன. சீமையிலிருந்து வந்த உறுப்புகளைச் சென்னையில் பூட்டினார்கள். 1957-ல் அவ்வுறுப்புகளைச் செய்வதற்கான கருவிகளும் கிடைத்தன. பூட்டத் தெரிந்த கைகள் பின்னர் ஆக்கவும் கற்றன. பிற்காலத்தில் இங்கிலாந்தில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றபோது, திருவொற்றியூரில் அது நிற்கவில்லை. பிறர் செய்து அனுப்பியதைப் பூட்டுவதோடு அன்று திருப்தியடைந்திருந்தால், அங்கே அணைந்த அடுப்பு இங்கேயும் அணைந்திருக்குமல்லவா?

விலை கொடுத்து வாங்கிய யந்திரம் நம்முடையதாவதில்லை. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அந்த வடிவம் கொண்டது என்று அறிந்த பிறகே அது நம்முடையதாகிறது. அந்த அறிவைப் பெறுவதற்கு மேஜைமேல் ஒரு சாண் இடம் போதும்.

நேயர்களின் இல்லத்தில், பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு விழிக்கும் பையனோ பெண்ணோ இருக்கலாம். அக்குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். நல்ல அரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.