மெல்லிய தகட்டை அடக்கி வெட்டுவது எப்படி?

எனது இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. 2009இல் எறிகணைச் சிதறல் கொண்டுபோனது. கிளிநொச்சியில் ஒட்டுவேலைப் பட்டறை தொடங்கியபோது, "தகட்டை எந்தக் கையால பிடிச்சு வெட்டப்போறாய் தம்பி?" என்று பலர் கேட்டார்கள். பிளாஸ்மா கட்டரால் வெட்டும் தகட்டை யாருமே கையால் பிடிக்கக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

கிடைத்த முதற் பெரிய வேலை ஒரு கேற். 1 மில்லிமீற்றர் தகட்டில் பூ வடிவம் வெட்டவேண்டும். நான்கு மூலைகளையும் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பாதி வெட்டுவதற்குள் தகட்டின் நடுப்பகுதி ஊதி மேலெழுந்து ரோர்ச்சின் நுனியில் முட்டியது. நொசிலும் பழுது, தகடும் பழுது. அந்தத் தகடு கடனுக்கு வாங்கியது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பிளாஸ்மாச் சுடரின் வெப்பம் ஏறத்தாழ 20,000 பாகை செல்சியஸ் வரை போகும். 1 மீற்றர் நீளமான உருக்குத் தகடு முழுவதும் 100 பாகையால் சூடேறினால் 1.2 மில்லிமீற்றர் அளவு நீளும். இது சிறிய அளவுதானே என்று எண்ணவேண்டாம். இரு முனைகளையும் அசையாமல் இறுக்கியிருந்தால், போக இடமில்லாத அந்த நீட்சி நடுப்பகுதியை 2 சென்ரிமீற்றர் வரை தூக்கிவிடும். தடித்த தகடு வளையாமல் தாக்குப்பிடிக்கும். மெல்லியது தாங்காது.

ஆகவே இப்போது ஒரு ஓரத்தை மட்டுமே கிளாம்பால் இறுக்குகிறேன். வெட்டுக்கோட்டுக்கு அருகில் இரு பக்கமும் பாரமான இரும்புப் பட்டங்களை வைக்கிறேன். அவை தகட்டை மேலெழ விடாது. ஆனால் பக்கவாட்டில் நீள இடங்கொடுக்கும். கீழே சட்டங்களை நெருக்கமாக அடுக்கினால் தகடு தொய்யாது.

காந்தம் வைப்பவர்களும் உண்டு. வெட்டுக்கோட்டுக்குக் கிட்ட வைத்தால் அது சுடரையே விலக்கிவிடும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகையைக் கடந்தால் பலம் இழக்கத் தொடங்கும். அலுமினியத்தில் காந்தம் பிடிக்கவே பிடிக்காது.

வெட்டும் ஒழுங்கும் முக்கியம். உள்ளே உள்ள துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டவேண்டும். ஒரே மூலையில் தொடர்ந்து வெட்டாமல் இடம் மாறி மாறி வெட்டினால் சூடு ஓரிடத்தில் சேராது. வெளிக்கோட்டில் அங்கங்கே சிறு தொடுப்புகளை விட்டுவைத்தால் துண்டு கழன்று நிமிர்ந்து ரோர்ச்சில் முட்டாது. குறைந்த அம்பியர், சிறிய நொசில், தயங்காத வேகம். இவை மூன்றும் வளைவைக் குறைக்கும்.

இப்போது என்னிடம் ஒரு தம்பி வேலை பழகுகிறான். அவனுக்கு முதல் நாளே இரண்டு விடயங்கள் சொன்னேன். தகட்டைப் பாரம் பிடிக்கட்டும், உன் கை பிடிக்கவேண்டாம். வளவில் கிளறி எடுத்த, என்னவென்று தெரியாத இரும்பை யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு காசு தந்தாலும் வெட்டாதே. எங்கள் மண்ணுக்குள் இன்னும் என்ன கிடக்கிறது என்று எவருக்கும் தெரியாது.