வெள்ளலூருக்குப் போகாத குப்பை! பள்ளிக்கூட மூலையில் ஒரு உரத்தொட்டி... பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

கோவை:-

கோவை மாநகரில் மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரம் டன் அளவுக்குக் குப்பை சேருகிறது. 100 வார்டுகளிலும் அள்ளுகிற குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேருகிற இடம் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு. சுமார் 650 ஏக்கர் இடம். காற்று திரும்பினால் சுற்று வட்டாரத்தில் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது.

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே பிடித்த தீ ஒரு வாரத்துக்கும் மேல் புகைந்தது. அதை அணைக்க ரூ.76 லட்சத்துக்கு மேல் செலவு என்று மாமன்றத்தில் கணக்கு வந்தது. அதில் டீ, சாப்பாட்டுச் செலவே ரூ.27 லட்சம் என்றதும் ஊரே பேசியது. பணம் போனதைப் பற்றிப் பேசிய நாம், அந்தப் புகையைச் சுவாசித்த பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

சரி, இதற்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது.

குப்பை மேடு ஏன் எரிகிறது?

சோறு, காய்கறித் தோல், வாழை இலை எல்லாம் மண்ணோடும் காற்றோடும் கிடந்தால் மக்கி உரமாகிவிடும். அதையே பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சுப் போட்டு, மலை மாதிரிக் குவித்து வைத்தால் உள்ளே காற்றுப் போகாது. காற்று இல்லாமல் அழுகும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகும். சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே வாயுதான். வெயில் காலத்தில் ஒரு பொறி பட்டால் போதும். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளுக்குள் கனன்று கொண்டே இருக்கும்.

ஆக, ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கலப்பதுதான் முதல் கோளாறு. கலந்த குப்பையைக் கையால் பிரிக்க வேண்டியவர் தூய்மைப் பணியாளர். அவர் பிள்ளையும் நம் பிள்ளை படிக்கிற அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது.

"நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" என்று கேட்கிறவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. பேப்பர், பாட்டில் போன்ற மக்காத குப்பைக்கு வண்டி வேண்டும், கடை வேண்டும், ஆலை வேண்டும். நடுவில் ஒருவர் ஏமாற்றினாலும் நாம் பிரித்தது வீண். ஆனால் ஈரக் குப்பைக்கு வண்டியே வேண்டாம். ஒரு தொட்டி இருந்தால் அது இருந்த இடத்திலேயே உரமாகிவிடும். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு சின்னப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கக்கூடிய சுற்றுச்சூழல் பாடம் இது ஒன்றுதான்.

புதுசு இல்லை... நம்ம ஊர் சரக்கு!

கையால் செய்து படிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1930-ம் ஆண்டு டி.எஸ்.அவினாசிலிங்கம் கோவையில் தொடங்கியது ராமகிருஷ்ண வித்யாலயம். பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றும் இருக்கிறது. 1934-ல் அங்கே அடிக்கல் நாட்டியவர் மகாத்மா காந்தி. ஏட்டுப் படிப்போடு கைத்தொழிலும் சேர வேண்டும் என்ற ஆதாரக் கல்வித் திட்டத்தை 1937-ல் நாட்டின் முன் வைத்தவரும் காந்திதான். அவினாசிலிங்கம் பிறகு 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார்.

உரம் போடுவதும் அப்படித்தான். நம் தோட்டங்களில் எருக்குழி இல்லாத காலம் கிடையாது. ஆங்கிலேய விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டு 1920-களில் மத்திய இந்தியாவின் இந்தூரில் உட்கார்ந்து, விவசாயிகள் செய்வதைப் பார்த்து, அதை ஒழுங்குபடுத்தி "இந்தூர் முறை" என்று உலகத்துக்குச் சொன்னார். பச்சை ஒரு அடுக்கு, காய்ந்தது ஒரு அடுக்கு, சாணம், மண், அவ்வப்போது கிளறல். இவ்வளவுதான் விஷயம்.

பள்ளிக்கூடத்தில் குப்பை ஏது?

2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய முதல்-அமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. காலையில் உப்புமா, பொங்கல், கிச்சடி. மதியம் சத்துணவு, முட்டை. நல்ல திட்டம். ஆனால் தட்டில் மிஞ்சுவது, பிள்ளைகள் ஒதுக்கி வைக்கிற கறிவேப்பிலை, சமையல்கூடத்து காய்கறித் தோல், முட்டை ஓடு எல்லாம் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போடுங்கள். 100 பிள்ளைகள். ஆளுக்கு 50 கிராம் மிச்சம். ஒரு நாளைக்கு 5 கிலோ. 200 வேலை நாளுக்கு ஆயிரம் கிலோ. அதாவது ஒரு டன்! இந்தக் கணக்கை வாத்தியார் போர்டில் எழுதுவதை விட, தராசை வைத்துப் பிள்ளைகளே தினமும் எடை போட்டு எழுதினால் பெருக்கலும் வரும், புத்தியும் வரும். 'நேத்து 5 கிலோ, இன்னைக்கு 4 கிலோ' என்று குறைய ஆரம்பிக்கும். சோற்றை உரமாக்குவதை விட, வேண்டிய அளவு வாங்கி முழுசாகச் சாப்பிடுவதுதான் முதல் பாடம்.

தொட்டி வைப்பது எப்படி?

செலவு அதிகம் இல்லை. பழைய பெயிண்ட் டிரம் அல்லது பெரிய மண் தொட்டி. பெயிண்ட் டிரம் என்றால் நன்றாகக் கழுவ வேண்டும். பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட வேண்டும். எலி, நாய் வராமல் மூடி அவசியம்.

* அடியில் காய்ந்த இலை, தென்னை மட்டைத் தூள் அல்லது நார்க்கழிவு நாலு விரல் உயரம். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமே இல்லை.

* அதன் மேல் காய்கறித் தோல், பழத் தோல். மிஞ்சிய சோறு என்றால் தண்ணீரை வடித்துக் கொஞ்சமாகப் போட வேண்டும். குழம்பு, எண்ணெய் பலகாரம் வேண்டாம்.

* ஈரக் குப்பை ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு பங்கு. இதுதான் ரகசியம்.

* ஆரம்பத்தில் கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும்.

* முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, நுணுக்கிப் போடலாம். சுண்ணாம்புச் சத்து.

* வாரம் இரண்டு முறை கிளறி விட வேண்டும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு சுலப வழி. கையில் அள்ளிப் பிடித்தால் புட்டு மாவு மாதிரி பிடிபட வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போடு. உதிர்ந்து எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளி. நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, கிளறு. மூக்கும் கையும்தான் இங்கே மீட்டர்!

இரண்டு மாதத்தில் இருந்து மூன்று மாதத்துக்குள் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் தயார். போட்டதில் பாதிகூட மிஞ்சாது. 'மீதி எங்கே போச்சு?' என்று பிள்ளை கேட்கும். தண்ணீர் ஆவியாகவும், மற்றது நுண்ணுயிர்களின் மூச்சாகவும் போனது என்று சொல்லும்போது அறிவியல் பாடம் தானாக நடக்கிறது.

புதைத்துப் பார்த்தால் புரியும்

'பிளாஸ்டிக் மக்காது' என்று ஆயிரம் தடவை சொல்வதை விட ஒரு குழி தோண்டுவது மேல். பள்ளி மைதானத்து ஓரமாக வரிசையாக ஆறு சின்னக் குழி. வாழை இலை, நோட்டுப் பேப்பர், பருத்தி பனியன் துண்டு, பாலியஸ்டர் துணித் துண்டு, பிளாஸ்டிக் கவர், தெர்மோகோல். ஒவ்வொன்றிலும் ஒன்றைப் புதைத்து, குச்சி நட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். தினமும் கொஞ்சம் தண்ணீர்.

இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் இலையைத் தேட வேண்டியிருக்கும். பேப்பர் கூழாகிக் கிடக்கும். பருத்தி நைந்திருக்கும். பாலியஸ்டரும் கவரும் தெர்மோகோலும் போட்ட மாதிரியே எழுந்து வரும். திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, எல்லாத் துணியும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத் தெரியும்.

தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பிளாஸ்டிக் இல்லாத பள்ளிகளுக்கு மஞ்சப்பை விருதும் அரசால் அறிவிக்கப்பட்டது. முதல் பரிசு ரூ.10 லட்சம், 2-வது ரூ.5 லட்சம், 3-வது ரூ.3 லட்சம். சட்டமும் பரிசும் இருந்தும் கடையில் கவர் ஓடுகிறது. குழியைத் தோண்டிப் பார்த்த பிள்ளை, கடையில் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும்.

மறுசுழற்சி என்ற பெயரில்...

தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பூ செய்வது, ஸ்டிராவில் தோரணம் கட்டுவது... இவை கைவேலை, அவ்வளவுதான். ஒரு வாரம் சுவரில் தொங்கிவிட்டு அதே குப்பைக்குத்தான் போகும். பசையும் ஜிகினாவும் ஒட்டியிருப்பதால் பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார்.

உண்மையான மறுசுழற்சி என்றால், சுத்தமாகக் கழுவிக் காயவைத்துப் பிரித்துக் கொடுப்பது. ஜப்பானில் பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பால் குடித்ததும் அந்த அட்டைப் பெட்டியைத் தாங்களே கழுவி, பிரித்து, காயவைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்கிறார்கள். இங்கே பேப்பர், அட்டை, பால் கவர், பாட்டில் என்று நாலு சாக்கு மாட்டி, மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடையில் எடை போட்டு, வந்த காசில் விதை வாங்கினால் போதும். எது விலை போகிறது, எதைக் கடைக்காரர் தொடவே மாட்டேன் என்கிறார் என்பதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிஸ்கட், சிப்ஸ் கவரை யாரும் வாங்குவதில்லை என்று தெரிந்தால், அதை வாங்கும் முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தொட்டிக்குள் ஒரு காடு

உரத்தொட்டியைக் கிளறினால் மண்புழு, மரவட்டை, வண்டுப் புழு எல்லாம் வரும். 'சீ' என்று ஒதுங்கிய பிள்ளை ஒரு மாதத்தில் அதைக் கையில் வைத்துப் பார்க்கும். வெள்ளையாகக் குண்டுப் புழு வந்தால் தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளை சட்டென்று சொல்லிவிடும்... காண்டாமிருக வண்டோட புழு, தென்னைக்கு எதிரி, எருக்குழியிலதான் வளரும் என்று. அதைப் பொறுக்கி அகற்ற வேண்டும். இந்த விஷயத்தில் டீச்சருக்கே பிள்ளைதான் வாத்தியார்!

கிடைத்த உரத்தில் கீரை, தக்காளி, முருங்கை, ஒரு கறிவேப்பிலைச் செடி. கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். இலையைப் புழு தின்பது, கூடு கட்டுவது, சிறகு விரிப்பது எல்லாம் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியிலேயே நடக்கும். நமக்கு மாநில வண்ணத்துப்பூச்சி உண்டு, பெயர் 'தமிழ் மறவன்', 2019-ல் அறிவித்தார்கள் என்பதை அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

வெளியே கூட்டிப் போகவும் கோவையில் இடம் இருக்கிறது. 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட சிங்காநல்லூர் குளம், 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இதில் கவனம் வேண்டும்

ஒரு முக்கியமான விஷயம். கையால் செய்கிற பாடம் என்பது குப்பை அள்ள விடுவது அல்ல. கழிப்பறை கழுவ வைப்பதும், லேட்டாக வந்த பிள்ளைக்குத் தண்டனையாகக் குப்பை பொறுக்கச் சொல்வதும் பாடமே இல்லை. குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டும் அந்த வேலைக்குக் கூப்பிடுவது அதைவிட மோசம். போர்டில் முறைப் பட்டியல் எழுதி, எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறிச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் டீச்சர் பெயரும், தலைமை ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டும். அப்போதுதான் 'இது இன்னார் வேலை' என்ற நினைப்பு உடையும்.

கையுறை வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உடைந்த கண்ணாடி, பேட்டரி, ஊசி, மருந்துப் பாட்டில் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. அது பெரியவர்கள் வேலை.

வீட்டில் என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளை வீட்டில் இரண்டு வாளி கேட்டால் திட்டாதீர்கள். 'இருக்கிற இடத்துல இது வேறயா' என்று அடக்கினால் பள்ளியில் படித்தது வாசலோடு போச்சு. லைன் வீடாக இருந்தாலும் ஒரு மண் தொட்டி வைக்க ஓரம் இருக்கும். நாலைந்து குடித்தனம் சேர்ந்து ஒரே டிரம் வைத்தாலும் சரிதான்.

ஒரு பள்ளிக்கூடத்து ஒரு டன் குப்பை, நகரத்தின் ஒரு நாள் ஆயிரம் டன்னுக்கு முன்னால் கடுகுதான். ஆனால் அந்த நூறு பிள்ளைகளும் நூறு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த இருபது வருஷத்தில் நூறு அடுப்படிகளை நடத்தப் போகிறவர்கள் அவர்கள்தான்.

வருகிற திங்கட்கிழமை, உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வீட்டில் ஒரு பழைய டிரம் சும்மாத்தானே கிடக்கிறது? அதைக் கழுவி, பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.