'காம்ப்ளெக்ஷன்' என்றால் நிறம் மட்டும்தானா? காணாமல் போனோர் அறிவிப்பில் குழப்பும் ஆங்கிலச் சொல்

வெதுருகுப்பம்: காணாமல் போனவர்களைத் தேடிக் காவல்துறை வெளியிடும் அறிவிப்புகளில் வயது, உயரம், உடை ஆகியவற்றுடன் பெரும்பாலும் இடம்பெறும் ஆங்கிலச் சொல் 'காம்ப்ளெக்ஷன்'. தமிழில் இதனை 'நிறம்' என்றே எழுதுகிறோம். ஆனால், இச்சொல்லின் வரலாறு தோலின் நிறத்திலிருந்து தொடங்கவில்லை.

'பின்னிச் சேர்த்தல்', 'கலவை' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லே இதன் வேர். வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய நான்கும் உடலில் கலந்திருக்கும் விதத்தை இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் இப்பெயரால் குறித்தனர். வாதம், பித்தம், கபம் கொண்டு நம் மருத்துவர்கள் கூறும் 'தேகவாகு' இதற்கு நெருக்கமானது. அக்கலவை முகத்தில் தெரியும் என்று நம்பப்பட்டதால், பிற்காலத்தில் முகத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் இச்சொல் சுட்டலாயிற்று. 'ஆட்டத்தின் காம்ப்ளெக்ஷன் மாறியது' என்று கிரிக்கெட் செய்தியில் வந்தால், 'போக்கு மாறியது' என்பதே சரி. 'நிறம் மாறியது' என்று எழுதினால் நகைப்புக்கிடமாகும்.

இதனுடன் சேர்ந்து வரும் அடைமொழிகளில்தான் சிக்கல் அதிகம். 'ஃபேர்' என்பதைத் தமிழர் 'சிவப்பு' என்பர். 'பெண் நல்ல சிவப்பு' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் வெளிமாநிலத்தவருக்கு எதுவும் விளங்காது. 'ஃபேர்' என்ற சொல்லுக்கு நேர்மை, சந்தை, அழகு என வேறு பொருள்களும் உண்டு. எனினும், இந்தியாவில் 1975-இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சின் பெயரில் அது வெளுப்பையே குறித்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 2020-இல் இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் அச்சொல்லை நீக்கி, 'க்ளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றியது.

'வீட்டிஷ்' என்பது பெரிதும் இந்திய ஆங்கிலத்துக்கே உரிய சொல். நேர்பொருள் 'கோதுமை நிறம்'. தமிழில் 'மாநிறம்' என்றும் தெலுங்கில் 'சாமனசாய' என்றும் இதனைப் பெயர்க்கின்றனர். ஆனால் மூன்றும் ஒரே நிறமல்ல. கோதுமை வெளுப்பின் பக்கம் சாய்கிறது. மற்ற இரண்டும் கருமையின் பக்கம் சாய்கின்றன. போதாக்குறைக்கு, தம் பிள்ளையின் நிறத்தை ஒரு படி கூட்டிச் சொல்லும் வழக்கமும் வீடுகளில் உண்டு.

வெதுருகுப்பம் மண்டலம் அமைந்துள்ள சித்தூர் மாவட்டம் தமிழகத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டியது. அருகிலுள்ள திருப்பதிக்கோ பல மொழி பேசும் பக்தர்கள் வருகின்றனர். அங்கு கூட்டத்தில் பிரிந்துபோன முதியவரைப் பற்றிய குறிப்பு தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்கும், அதிலிருந்து தமிழுக்கும் செல்கையில், 'சாமனசாய' நிறத்தவர் 'கோதுமை நிறத்தவர்' ஆகிவிடக்கூடும். அதைப் படிப்பவர் எதிரில் நிற்கும் முதியவரை வேறொருவர் எனக் கருதிக் கடந்து செல்லலாம். மொழிபெயர்ப்பில் 'மாநிறம்' என எழுதுவதே பாதுகாப்பானது. அதைவிட, மச்சம், தழும்பு, கடைசியாக அணிந்திருந்த உடை, பேசும் மொழி ஆகியவற்றை முதலில் எழுதி, நிறத்தைக் கடைசியில் சேர்ப்பது தேடுவோருக்கு உதவும்.