குதிரையும் சேணமும்

தந்தி வாத்தியங்களில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு தாங்கிக்கு நம் முன்னோர் குதிரை என்று பெயரிட்டார்கள். வீணைக்குக் குதிரை உண்டு. தம்புராவுக்கும் பிடிலுக்கும் உண்டு. ஆங்கிலேயர் அதனைப் பாலம் என்றார்கள். மின்சாரக் கிதாரிலோ, அந்தப் பாலத்தின்மேல் தந்தியைச் சுமந்து அமர்ந்திருக்கும் சின்னஞ்சிறு உலோகத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சேடில்', அதாவது சேணம். குதிரை நம்முடையது, சேணம் அவர்களுடையது. பெயரளவில் இரண்டும் நன்றாகவே பொருந்திவிட்டன. செவிக்கும் பொருந்தச் செய்வது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

நாஞ்சில் நாட்டில் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கல்லூரி மேடைகளிலும் மின்சாரக் கிதார் பழகிப்போன ஒரு வாத்தியம். அதைக் கற்கும் மாணவர் பலருக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. ஆறு தந்திகளையும் சுருதி சேர்த்துத் திறந்தபடி மீட்டினால் குறை ஒன்றும் இல்லை. மேல் மெட்டுகளில் விரல் வைத்தவுடன் சுருதி விலகுகிறது. பிரடையைத் திருகிச் சரிசெய்தால், திறந்த தந்தி கெடுகிறது. மாணவர் தம் விரலை நொந்துகொள்கிறார்; அல்லது தமக்குச் செவி ஞானம் இல்லை என்று எண்ணிக் கிதாரை மூலையில் சாத்திவிடுகிறார். குற்றம் விரலிலும் இல்லை, செவியிலும் இல்லை. பெரும்பாலும் சேணத்தில் இருக்கிறது.

இதன் காரணத்தை அறிய, முதலில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்துக்குச் செல்வோம். அங்கே ஒரே கல்லில் பல சிறு தூண்களாகச் செதுக்கிய இசைத் தூண் தொகுதிகள் நிற்கின்றன. ஒவ்வொரு சிறு தூணின் நாதத்தையும் அதன் நீளமும் பருமனும் நிர்ணயிக்கின்றன. சிற்பியின் உளி அன்று வகுத்த சுரமே இன்றும் ஒலிக்கிறது. அதில் நகர்த்தத்தக்க உறுப்பு எதுவும் இல்லை.

அடுத்து வீணையைப் பாருங்கள். அதன் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வாத்தியம் செய்வோர் ஒவ்வொரு மெட்டாகத் தந்தியை மீட்டி, காதால் கேட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி உரிய இடத்தில் நிறுத்துகிறார்கள். இதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். வீணையில் மெட்டு நகர்கிறது. குதிரை நிலையாக நிற்கிறது.

கிதாரில் இந்த முறை தலைகீழாகிவிடுகிறது. அதன் மெட்டுகளை மரத்தில் வெட்டிய பள்ளங்களில் அழுத்தமாக இறக்கியிருக்கிறார்கள். அவற்றின் இடங்களைக் கணக்கு ஒன்று வகுக்கிறது. தந்தியின் கணக்கு நீளம் 25½ அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர் என்றால், 12-ஆவது மெட்டு அதன் சரிபாதியான 324 மில்லிமீட்டரில் அமைகிறது. பாதி நீளத் தந்தி மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு, தந்தி இழுபடுவதில்லை என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் விரலால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபட்டு, சுருதி உயர்ந்துவிடுகிறது. தந்தியின் விறைப்பும் அதனோடு சேர்ந்து சுருதியை உயர்த்துகிறது. இந்த ஏற்றம் எல்லாத் தந்திக்கும் ஒரே அளவாய் இருப்பதில்லை. உட்கம்பி பருமனாய் இருந்தால் ஏற்றமும் அதிகம். ஆகவே ஒவ்வொரு தந்திக்கும் கணக்கைவிடச் சிறிது கூடுதல் நீளம், அதுவும் தனித்தனி அளவில், தரவேண்டியிருக்கிறது. நகராத மெட்டுக்கு ஈடாக நகரும் உறுப்புத்தான் சேணம்.

இதைச் செய்து காட்டியவர்களும் படிப்படியாகவே கண்டார்கள். 1950-51-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதாரில் மூன்றே சேணங்கள். இரண்டு தந்திகளுக்கு ஒன்று. ஒரு தந்திக்குச் சரியாக நிறுத்தினால் அதன் துணைத் தந்தி சற்று விலகும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு தந்திகளுக்கும் ஆறு சேணங்கள் அமைந்தன. ஒவ்வொன்றையும் உயர்த்தலாம், தாழ்த்தலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

சேணத்தை எப்போது மாற்ற வேண்டும்? முக்கடல் சூழ்ந்த நம் மாவட்டத்தில் உப்புக் காற்றும் கைவியர்வையும் எஃகுத் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. திருகாணி இறுகிப் போனாலும், தந்தி ஒரே இடத்தில் உராய்ந்து சேணத்தில் பள்ளம் விழுந்தாலும், அதன் கூர்மையில் தந்தி அடிக்கடி அறுந்தாலும் புதியது தேவை.

கடைக்குப் போகுமுன் அளவெடுங்கள். முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உள்ள இடைவெளி பழைய அமைப்பில் சுமார் 56 மில்லிமீட்டர். புதிய அமைப்பில் சுமார் 52. அகலமான சேணங்கள் ஆறு குறுகிய பாலத்தில் அடங்கமாட்டா. திருகாணியின் புரி அங்குல அளவா, மில்லிமீட்டர் அளவா என்பதையும் பார்க்க வேண்டும். வளைத்த எஃகு, பித்தளை, துத்தநாகக் கலவை வார்ப்பு, கிராபைட் கலந்த நைலான் எனச் சேணங்கள் பலவகை. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் விரைவில் தேயும். எஃகு எளிதில் தேயாது, ஆனால் துருவுக்கு அஞ்சும். நைலான் வகை தந்தி அறுவதைக் குறைக்கும்.

சேணத்தில் தந்தி தொட்டு விலகும் இடம் ஒரே புள்ளியாய் இருப்பது அவசியம். வீணையிலும் தம்புராவிலும் குதிரையின் மேற்பரப்பு அகன்று மெல்ல வளைந்திருக்கும். தம்புராவில் தந்தியின் அடியில் ஒரு நூலையும் செருகி நாதத்துக்கு ஜீவன் ஏற்றுகிறார்கள். ஒரு தந்தியை நடுவில் மீட்டினால் சில மேல்சுரங்கள் பிறக்கக் கூடாது என்பது பழைய பௌதிக விதி. நம் வாத்தியங்களில் அவையும் பிறக்கின்றன என்பதையும், அதற்குக் காரணம் குதிரையின் அமைப்பே என்பதையும் சி. வி. ராமன் 1921-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கினார். கிதாரில் தேய்ந்து தட்டையான சேணமும் அதே போன்ற ரீங்காரத்தை எழுப்பும். தம்புராவுக்கு அழகானது கிதாருக்குப் பழுதாகிவிடுகிறது.

இனி, பொருத்தியபின் திருத்தும் முறை. புதுத் தந்திகளைக் கட்டுங்கள். தேய்ந்த தந்தி பொய் சொல்லும். முதலில் உயரத்தை அமையுங்கள். 12-ஆவது மெட்டின்மேல் தடித்த தந்தி சுமார் 2 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தி சுமார் 1½ மில்லிமீட்டரும் உயர்ந்திருக்கலாம். உயரம் மாறினால் இழுபடும் அளவும் மாறுவதால், நீளத்தைத் திருத்துவது அடுத்த வேலைதான்.

பிறகு தந்தியைச் சுருதி சேர்த்து, 12-ஆவது மெட்டுக்கு நேர்மேலே விரலால் இலேசாகத் தொட்டு மீட்டிக் கேளுங்கள். அதே மெட்டில் அழுத்தியும் மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாய் இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் தந்தி குட்டை. சேணத்தைப் பின்னே இழுங்கள். தாழ்ந்திருந்தால் தந்தி நெட்டை. கழுத்துப் பக்கம் முன்னே தள்ளுங்கள். நகர்த்துமுன் தந்தியைத் தளர்த்தி, நகர்த்தியபின் மீண்டும் சுருதி சேர்த்துச் சோதிக்க வேண்டும். அவசரம் கூடாது, திருகாணியின் அரைச் சுற்றே போதிய வித்தியாசம் காட்டும்.

ஆறும் அமைந்தபின் சேணங்கள் நேர்கோட்டில் நிற்கமாட்டா. மெல்லிய தந்தியிலிருந்து மூன்றாம் தந்தி வரை படிப்படியாகப் பின்வாங்கும். நான்காம் தந்திக்கு மேலே சுற்றுக்கம்பி இருப்பதால் அதன் உட்கம்பி மெல்லியது. எனவே அதன் சேணம் மீண்டும் முன்வந்து, பின்னர் ஐந்தும் ஆறும் பின்னே செல்லும். பார்வைக்குக் கோணலாகத் தோன்றும் இந்த வரிசைதான் செவிக்கு நேரானது. அழகுக்காக அதை ஒரே வரிசையில் நிறுத்திவிடாதீர்கள்.

மாணவர்களே! ஒரு வாத்தியம் அபசுரம் பேசினால், பிழை எங்கே என்று தேடுவதற்குமுன் அதன் எந்த உறுப்பு நகரும், எது நகராது என்று கேளுங்கள். விடை கிடைத்துவிட்டால், ஒரு சிறு திருப்புளியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். மூலையில் சாத்திய கிதார் மீண்டும் பாடகர் குழுவின் நடுவில் வந்து நிற்கும்.