வீட்டுக்கொரு நீர்மானி

சிப்காட் ஆலைகளை ஒட்டி வளர்ந்த ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், மாநகராட்சிக் குழாய்நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் ஒரே சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், கலந்து மொட்டைமாடிக்கு ஏற்றப்படுகின்றன. அதற்கான செலவு பராமரிப்புக் கட்டணத்தில் வீடுதோறும் சமமாகப் பிரிக்கப்படுமிடத்தில், இருவர் வாழும் வீடு அறுவர் வாழும் வீட்டின் நீருக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது என்றாலும், மேட்டு நிலமான ஓசூருக்கு அந்நீரை இறைத்தே ஏற்ற வேண்டியிருப்பதால் அது மலிவான நீரன்று.

அளந்து பிரிக்கும் கருவியான நீர்மானியின் உள்ளே, நீரோட்டம் தள்ளத் தள்ளச் சுழலும் சிறு இறக்கைச் சக்கரம் ஒன்று உண்டு. அச்சுழற்சியைக் காந்தம் வழியாக மேலேயுள்ள எண்சக்கரங்கள் பெற்றுக்கொள்கின்றன. முகப்பிலுள்ள நட்சத்திர வடிவச் சிறு முள், வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடிய பின்னும் சுற்றுமானால், பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது என்று பொருள். ஆழ்துளை நீரின் உப்பு சக்கரத்தில் படிந்தால் மானி குறைத்துக் காட்டும். மொட்டைமாடித் தொட்டி வறண்டு குழாயில் காற்று புகுந்தால், அக்காற்றையும் நீராக எண்ணிவிடும். நீரோட்டத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் ஒலி செல்லும் நேர வேறுபாட்டைக் கணக்கிடும் மீயொலி மானியில் சுழலும் உறுப்பே இல்லாததால் படிவின் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

உண்மையான இடர்ப்பாடு மானியில் இல்லை, குழாயமைப்பில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் சமையலறைக்கும் ஒவ்வொரு குளியலறைக்கும் மொட்டைமாடியிலிருந்து தனித்தனிக் குழாய்கள் இறங்குவதால், ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு மானிகள் தேவைப்படுகின்றன. தொட்டிக்கு நேர்கீழான மேல்மாடியிலோ, பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்ற கணக்கில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. மானியும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மாறாக, சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் வீட்டுக்கொரு மானி இயல்பான ஏற்பாடு.

கட்டி முடித்த பின் மானி பொருத்துவது சுவரை உடைக்கும் வேலையாகையால், புதிதாக வீடு வாங்குவோர், எத்தனை குழாய்கள் வழியாகத் தம் வீட்டுக்குள் நீர் வருகிறது என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டறிவது நலம்.