ஐஷேடோ: பெட்டியைத் திருப்பிப் பார்த்தீர்களா?

முதன்முதலாக ஐஷேடோ வாங்கப் போகிறவரின் பார்வை, கடையானாலும் செல்போன் திரையானாலும், நாற்பது ஐம்பது நிறங்கள் வரிசைகட்டி நிற்கும் பெரிய பேலட்டில்தான் போய் நிற்கும். விலையும் கையைக் கடிக்காது. அதில் பாதி நிறங்களைத் தொடவே போவதில்லை என்பது இருக்கட்டும். யார் செய்தது, எங்கே செய்தது, எந்த உரிமத்தின் பேரில் என்று பெட்டியைத் திருப்பினால், மலிவுப் பேலட்டுகள் பலவற்றில் ஒன்றுமே இருக்காது. கண்ணை ஒட்டிப் பூசும் பொருளை இப்படி வாங்கக் கூடாது.

தொடக்கத்துக்கு மூன்று நிறம் போதும். உங்கள் தோலைவிடச் சற்றே அடர்ந்த, மினுமினுப்பில்லாத பழுப்பு ஒன்று. இமை நடுவில் வைக்கச் செம்போ வெண்கலமோ ஒன்று. ஓரத்துக்குக் காபிக்கொட்டை நிறம் ஒன்று. மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் வெளிர் நீலமும் வெளிர் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். தப்பு உங்கள் முகத்தில் இல்லை. அந்த நிறங்களை வேறு யாரையோ மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஃபவுண்டேஷன் போடுவதற்கு முன்பே கண்ணை முடித்துவிடுங்கள். உதிரும் தூளைத் துடைக்க வசதி. இமையில் மெல்லிதாக பிரைமர். பழுப்பைப் பஞ்சு போன்ற பிரஷில் எடுத்து, தட்டி உதிர்த்துவிட்டு, நேராகப் பார்த்தபடி இமை மடிப்புக்குச் சற்று மேலே அப்படியும் இப்படியுமாகக் கலைக்க வேண்டும். செம்பு நிறத்தை மட்டும் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். தேய்த்தால் மினுக்கு கண்ணுக்குள் போகும். அடர்நிறம் வெளி ஓரத்தில் துளி. நிறம் முடியும் கோடு தெரியாத வரை கலையுங்கள். பாடம் இவ்வளவுதான். இமை விளிம்பின் உள்பக்கத்தில் மட்டும் எதையும் பூசாதீர்கள். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது. அது அடைபட்டால் கண் உறுத்தும், கட்டி வரும்.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான். கன்னத்தில் ஒன்றும் செய்யாத பொருள்கூட இங்கே அரிக்கும், வீங்கும். ஐஷேடோவில் இருப்பது பெரும்பாலும் டால்க், மைக்கா, இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. இவை சுத்தமாக இருந்தால் பயமில்லை. தரமில்லாத நிறமிகளோடு ஈயம், ஆர்செனிக், நிக்கல் போன்றவை ஒட்டிக்கொண்டு வருவதுதான் சிக்கல். சிவப்புக்குச் சேர்க்கும் கார்மைன் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது. அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். கைவினைக் கடையில் விற்கும் கிளிட்டரைக் கண்ணில் போடுவது வேறு ஆபத்து: அதன் கூரான ஓரம் கருவிழியைக் கீறிவிடும். எதையும் முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கை உள்மடிப்பில் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

இந்தியாவில் அழகுசாதனங்களுக்குச் சட்டம் இருக்கிறது: 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனங்கள் சட்டமும், அதன் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும். சேர்க்கும் நிறமியில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்செனிக் 2 பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளடங்கிய பொருட்கள் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் அதைப் பெற்றவரின் முகவரியும் தேவை. இவை இல்லாத பேலட்டை விற்பவர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இத்தகைய சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1933-இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைமுடிச் சாயம் ஒரு பெண்ணின் பார்வையையே பறித்தது. அழகுசாதனங்கள் அங்கே கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வந்தது 1938-இல்தான்.

நல்ல பொருளும் பொதுப் பிரஷால் கெடும். கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரில் எத்தனை விரல்கள் பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமானால் புறங்கையில் பூசிப் பாருங்கள், கண்ணில் வேண்டாம். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் அக்கா தங்கைக்குள்கூடப் பங்கு போடக் கூடாது. கல்யாண மேக்கப்புக்கு வருகிறவரிடம் “பிரஷ் கழுவினீங்களாம்மா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காசு கொடுக்கிறோம், கேட்கலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸைப் போட்டபின் மேக்கப், லென்ஸைக் கழற்றியபின் மேக்கப் நீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரிந்தால் தேய்க்காதீர்கள். லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டுச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறக்கூடும். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

பேலட்டைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதுதான் சாட்சி. பில், பெட்டி, வீங்கிய கண்ணின் படம், மருத்துவச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி என்று சந்தேகம் வந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் தரலாம். பலருக்கும் தெரியாத ஒன்று: 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, நாம் வாங்கிய அழகுசாதனத்தை உரிய கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் நாமே சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குறையுள்ள பொருளால் உடலுக்குத் தீங்கு வந்தால் தயாரித்தவரோடு விற்றவரும் பொறுப்பாளியாக நேரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.