28 நாள் பிரயாணம் ஒரு நாளாகச் சுருங்கிய கதை!

லண்டன் எங்கே? சிட்னி எங்கே? ஒன்று இங்கிலாந்தில். மற்றொன்று ஆஸ்திரேலியாவில். நேர் வழியில் பறந்தாலே சுமார் 17 ஆயிரம் கிலோ மீட்டர்!

பூமியைச் சுற்றி வர 40 ஆயிரம் கிலோ மீட்டர். அதில் பாதி 20 ஆயிரம். உலகில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அதற்கு மேல் தூரம் கிடையாது. ஆகவே, லண்டனும் சிட்னியும் ஏறக்குறைய உலகத்தின் இரண்டு கோடிகள்!

பரிசும் பலியும்

1919-ம் ஆண்டு. இங்கிலாந்தில் இருந்து 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10 ஆயிரம் பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது.

ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் 2 மெக்கானிக்குகளுடன் புறப்பட்டார்கள். மேலே மூடி இல்லாத விமானம். குளிர் காற்று முகத்தில் அறைந்தது. 28 நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார்கள். பரிசும் கிடைத்தது.

அதே போட்டியில் புறப்பட்ட வேறு 4 பேர் உயிர் இழந்தார்கள்.

இரண்டு சூரிய உதயம்

1942-ல் சிங்கப்பூரை ஜப்பான் பிடித்தது. விமானப் பாதை அடைபட்டது. ஆஸ்திரேலியர்கள் சோர்ந்து விடவில்லை. 1943 முதல் 1945 வரை, பெர்த் நகருக்கும் இலங்கையின் கொக்கலை ஏரிக்கும் இடையே கடல் விமானங்களை விட்டார்கள்.

பெட்ரோல் பாரமே அதிகம். ஆகவே 3 பயணிகளுக்குத்தான் இடம்! ரேடியோவில் பேசினால் எதிரிக்குத் தெரிந்து விடும். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். சுமார் 30 மணி நேரம் கீழே இறங்காமல் பறந்தார்கள். ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைக் கண்டார்கள்!

யுத்தம் முடிந்தது. 1947-ல் சிட்னியில் இருந்து லண்டன் வரை குவாண்டாஸ் கம்பெனி தன் சொந்த விமானங்களை விடத் தொடங்கியது. வழியில் பல ஊர்களில் இறங்கி ஏறி, 4 நாளில் போய்ச் சேர்ந்தார்கள்.

என்ன சிக்கல்?

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு சுமார் 900 கிலோ மீட்டர் பறக்கும். 17 ஆயிரத்தை 900-ஆல் வகுத்தால் சுமார் 19 மணி நேரம். கணக்கு சுலபம். காரியம் கடினம்!

தூரம் கூடினால் எண்ணெய் கூட வேண்டும். எண்ணெய்க்கும் எடை உண்டு. அந்த எடையைச் சுமக்க மேலும் எண்ணெய் வேண்டும்! ஆட்களைக் குறைத்தால்தான் முடியும்.

1989-ல் ஒரு விமானம் லண்டனில் இருந்து சிட்னிக்கு நிற்காமல் பறந்தது. 20 மணி 9 நிமிடம் ஆயிற்று. உள்ளே இருந்தவர்கள் 23 பேர்தான்! 2019-ல் நடந்த மற்றொரு சோதனையில் 19 மணி 19 நிமிடம் ஆயிற்று.

திரும்பி வரும்போது நேரம் கூடும். உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலத்த காற்று வீசுவதே காரணம். போகும்போது அது தள்ளி விடும். வரும்போது எதிர்த்து நிற்கும்.

2018-ல் பெர்த்தில் இருந்து லண்டனுக்கு, பயணிகளுடன் நிற்காமல் செல்லும் விமானம் வந்தது. சுமார் 17 மணி நேரப் பிரயாணம். சிட்னிக்கும் அதுபோல் விட குவாண்டாஸ் கம்பெனி திட்டம் போட்டது. அதற்கு வைத்த பெயர் 'சூரிய உதயத் திட்டம்'. இருட்டில் கடலைத் தாண்டிய அந்தப் பழைய வீரர்களின் நினைவாக வைத்த பெயர் அது!